ஊசி போடும் முன்

மலேசியாவில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் சுகாதார அமைச்சின் பதிவுப் புத்தகம் ஒன்று கிடைக்கிறது. ஆறு வயதுவரை எடை, நீளம், தலைச் சுற்றளவு, போட்ட ஊசி, போட வேண்டிய ஊசி எல்லாம் அதில் ஏறும். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் தாய்மார்கள் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிறப்புப் பத்திரத்துக்கு இணையாகக் காப்பாற்றுகிறார்கள். குழந்தைக்கு 18 மாதம் ஆகும்போது அந்தப் புத்தகத்தில் ‘எம்-சாட்’ என்ற கேள்விப் பட்டியலைப் பெற்றோர் நிரப்ப வேண்டும். மூன்று வயதில் மறுபடியும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, விரல் நீட்டிக் காட்டுகிறதா, மற்றப் பிள்ளைகளைக் கவனிக்கிறதா என்று ‘ஆம்’, ‘இல்லை’ போடும் கேள்விகள். ஆட்டிசத்தின் தொடக்க அடையாளங்களைக் கண்டுகொள்வதற்காக 2001இல் அமெரிக்காவில் உருவான பட்டியல் இது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் 18 மாதம் என்பது ஒரு கைக்குழந்தையின் முழு வாழ்நாள். அதற்குள் அந்தக் குழந்தை ஊசிக்காக எத்தனை முறை கிளினிக்குக்கு வந்துபோகிறது! இரண்டு, மூன்று, ஐந்து மாதங்களில் ஆறு நோய்களுக்கான கூட்டு ஊசி. நான்கிலும் ஆறிலும் நிமோனியாவுக்கு. ஒன்பதிலும் பன்னிரண்டிலும் தட்டம்மைக்கு. அத்தனை முறையும் மிஸ்ஸி (செவிலியர்) குழந்தையை எடை போடுகிறார், அளக்கிறார், ஊசி போடுகிறார். சிரிக்கிறதா, முகம் பார்க்கிறதா என்பதைத் தாயிடம் கேட்டு ஒரு டிக் போட்டால் அந்தக் கட்டம் முடிந்தது. கேட்பதை விட்டுவிட்டு, குழந்தையையே சில நிமிடம் முறையாகப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கால் நூற்றாண்டாக உலகில் புழங்கும் அந்த வழி நம் தாய்-சேய் கிளினிக்குகளுக்குப் பொருந்துமா, எந்த நிபந்தனைகளோடு பொருந்தும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விசாரணை.

முதலில், எதைத் தேடுகிறோம்? குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்வது நோயல்ல. தாயோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் மூன்று மாதக் குழந்தை நடுநடுவே பார்வையை விலக்கும், மூச்சு வாங்கும், மறுபடி வரும். பாஸ்டன் குழந்தை மருத்துவர் பெரி பிரேசல்டன் 1970களில் இந்தப் போக்குவரத்தைப் படம்பிடித்து ஆராய்ந்தார். அவரோடு இருந்த எட்வர்ட் டிரோனிக் 1978இல் வெளியிட்ட சோதனை இன்னும் புகழ்பெற்றது. கொஞ்சிக்கொண்டிருந்த தாய் சட்டென்று முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் உட்கார வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், சத்தம் கொடுக்கும்; எதுவும் பலிக்காவிட்டால் முகத்தையும் உடம்பையும் திருப்பிக்கொள்ளும். சில நிமிடச் சோதனை அது. தாய் மறுபடி சிரித்தால் குழந்தை மெல்லத் தேறிவிடுகிறது. அந்தச் சில நிமிடம் நாள்கணக்காக, வாரக்கணக்காக நீண்டால்? எவர் வந்து எப்படிக் கொஞ்சினாலும் குழந்தை திரும்பி வராமல் போனால்? அதைத்தான் ‘நீடித்த சமூக ஒதுங்கல்’ என்கிறார்கள்.

இது ஒரு நோயின் பெயர் அன்று, காய்ச்சலைப் போன்ற ஓர் அறிகுறி. வலி இருக்கலாம். காது கேளாமை, பார்வைக் குறை, வலிப்பு, தைராய்டுக் குறைவு இருக்கலாம். தாயின் மனச்சோர்வு, பராமரிப்பவர் அடிக்கடி மாறுவது, புறக்கணிப்பு இருக்கலாம். ஆட்டிசத்தின் முதல் நிழலாகவும் இருக்கலாம். காரணம் எதுவானாலும் குழந்தை வெளியே காட்டுவது ஒன்றையே: அமைதி. சிக்கலும் அங்கேதான். ஓயாமல் அழும் பிள்ளையை இரவோடு இரவாக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அழாத பிள்ளையைப் பற்றி, ‘இருக்கிற இடமே தெரியாது’ என்று உறவினரிடம் பெருமையாகச் சொல்கிறோம். யாருக்காவது கொஞ்சம் உறுத்தினாலும் ‘கண்பட்டுவிட்டது’, ‘எதையோ பார்த்துப் பயந்துவிட்டது’ என்று சுற்றிப்போட்டு விடுகிறோம். சுற்றிப்போடுவதில் தப்பில்லை, அதோடு விஷயம் முடிந்ததாக நினைப்பதுதான் தப்பு.

அமைதியை ஆரோக்கியமாக எடுத்துக்கொண்டதில் மருத்துவமனைகளும் நமக்குக் குறைந்தவை அல்ல. ரெனே ஸ்பிட்ஸ் 1945இல், சுத்தமும் உணவும் குறையாத அநாதை விடுதியில் கட்டிலோடு விடப்பட்ட சிசுக்கள் எப்படிச் சுருண்டுபோகிறார்கள் என்று எழுதினார். லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன், எட்டு நாள் தனியாக மருத்துவமனையில் விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியை 1952இல் படமாக எடுத்துக் காட்டினார். முதலில் அழுது தாயைத் தேடிய பிள்ளை பிறகு அடங்கிப்போனால், ‘பழகிவிட்டது’ என்று வார்டில் முடிவுகட்டிய காலம் அது. அந்த அடக்கம் பழக்கம் அன்று, நம்பிக்கை விட்டுப்போனது என்பது ராபர்ட்சனின் வாதம். மருத்துவர்கள் பலர் அன்று அவர்மீது எரிந்து விழுந்தார்கள்.

நம் மண்ணோடு சம்பந்தப்பட்ட பெயர் ஒன்றும் இந்த வரிசையில் உண்டு. ஜமைக்காவில் பிறந்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், இன்று கானா எனப்படும் கோல்டுகோஸ்டில் பணியாற்றியபோது 1930களில் குவாஷியோர்க்கர் என்ற ஊட்டக் குறை நோயை விவரித்தவர். உடம்பு வீங்கி, தோல் உரிந்து, எதிலும் நாட்டமின்றிச் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் குழந்தைகள். அவர்கள் மறுபடி சிரிப்பதுதான் தேறி வருவதற்கான முதல் அடையாளம் என்று பின்னர் மருத்துவர்கள் கற்றுக்கொண்டார்கள். 1936இல் அவர் இந்த வட்டாரத்துக்கு மாற்றப்பட்டார். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், தாய்ப்பாலுக்குப் பதில் இனிப்பூட்டிய டின் பாலை விற்பது கொலைக்குச் சமம் என்று பேசினார். ஜப்பானியர் காலத்தில் சாங்கி சிறையில் கிடந்தார். போர் முடிந்தபின் மலாயாவின் தாய்-சேய் நலப் பணிக்குத் தலைமை ஏற்றார். இன்று நாம் இயல்பாக எடுத்துக்கொள்ளும் தாய்-சேய் கிளினிக்குகளின் வம்சத்தில் அவருக்கு இடமுண்டு. எடைத்தட்டை நம்பியது போலவே குழந்தையின் முகத்தையும் ஒரு மருத்துவச் சான்றாகப் படிக்கும் வழக்கம் அந்த வம்சத்திலேயே இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனிக் கருவிக்கு வருவோம். பாரிஸில் சிசு மனநல மருத்துவர் அந்துவான் கெடனே 2001இல் வெளியிட்ட ‘அலாரம் டிஸ்ட்ரஸ் பேபி ஸ்கேல்’, சுருக்கமாக ஏடிபிபி, இரண்டு மாதம் முதல் இரண்டு வயதுவரையுள்ள குழந்தைகளுக்கானது. கருவி என்றதும் பெட்டியோ பொம்மையோ தேட வேண்டாம். வழக்கமான பத்துப் பதினைந்து நிமிடப் பரிசோதனையின்போதே மருத்துவரோ செவிலியரோ குழந்தையோடு பேசிச் சிரித்து, தொட்டு விளையாடிப் பார்த்து, எட்டு விஷயங்களுக்கு மதிப்பெண் போடுகிறார்: முகபாவம், கண்ணோடு கண் பார்த்தல், உடம்பின் அசைவு, தன்னைத்தானே தடவுதல் உறிஞ்சுதல் போன்ற செய்கைகள், குரல், தூண்டினால் எவ்வளவு விரைவில் பதில் வருகிறது, பார்ப்பவரோடு ஏற்படும் உறவு, கடைசியாகக் குழந்தை பார்ப்பவரை ஈர்க்கும் விதம். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நான்கு. குறை இல்லாவிட்டால் பூஜ்யம். மொத்தம் 32, ஐந்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டும்.

எட்டாவது அம்சம் எனக்குப் பிடித்தமானது. குழந்தையோடு தொடர்பை நிலைநிறுத்தப் பார்ப்பவர் எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது, அந்தத் தொடர்பில் அவருக்கு மகிழ்ச்சி இருந்ததா என்று அது கேட்கிறது. இரண்டு நிமிடத்திலேயே நேரம் நகராததுபோல் இருந்ததா? மனம் வேறெங்கோ போய்விட்டதா? அப்படியானால் அதுவும் குழந்தையைப் பற்றிய தகவல். அறிவியல் என்றால் பார்ப்பவர் தன் உணர்ச்சியைக் கழற்றி வைக்க வேண்டும் என்று பழகிய நமக்கு இது விசித்திரமாகப் படும். ஆனால் அனுபவமுள்ள எந்த மிஸ்ஸியைக் கேட்டாலும், ‘இந்தப் பிள்ளையிடம் என்னவோ சரியில்லை’ என்று சொல்லத் தெரியாமல் தோன்றிய சந்தர்ப்பங்கள் உண்டு என்பார். அந்தத் தோன்றலுக்கு ஒரு மதிப்பெண்ணும், மேலதிகாரியிடம் காட்ட ஒரு காகிதமும் கொடுத்ததுதான் கெடனேயின் கெட்டிக்காரத்தனம். தோன்றல் ஆளுக்கு ஆள் மாறுமே என்ற கேள்விக்குப் பயிற்சிதான் விடை. ஒரே வீடியோவைப் பலர் பார்த்து மதிப்பெண் போட்டு, ஒத்துவரும்வரை பழகுகிறார்கள். பயிற்சி இல்லாமல் இந்தத் தாளை மட்டும் நகலெடுத்துக் கிளினிக்குகளுக்கு அனுப்பினால் அது வெறும் தாள்.

எட்டு அம்சங்கள் அதிகம் என்பவர்களுக்காக ஆஸ்திரேலியாவில் ஸ்டீபன் மத்தேயும் சகாக்களும் இதை ஐந்தாகச் சுருக்கினார்கள்: முகபாவம், கண், குரல், அசைவு, உறவு. எண்களுக்குப் பதில் ‘திருப்தி’, ‘சிக்கல் இருக்கலாம்’, ‘சிக்கல் நிச்சயம்’ என்ற மூன்றே தரம். நெரிசலான கிளினிக்குக்கு இந்தச் சுருக்கம்தான் தோது.

இப்போது கணக்கு. கெடனேயின் முதல் ஆய்வில், ஐந்து என்ற வெட்டுப்புள்ளிக்கு உணர்திறன் (ஒதுங்கிய குழந்தையைச் சரியாகப் பிடிப்பது) 82 விழுக்காடு, தனித்திறன் (ஒதுங்காத குழந்தையைச் சரியாக விடுவது) 78 விழுக்காடு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஃபின்லாந்தின் தாம்பெரேயில் சாதாரண கிளினிக்குகளுக்கு வந்த குழந்தைகளில் சுமார் 3 விழுக்காட்டினரே, இரண்டு முறை பார்த்தபோதும் ஐந்தோ அதற்கு மேலோ பெற்றார்கள். நாம் கொஞ்சம் தாராளமாக நூற்றுக்கு நான்கு என்று வைத்துக்கொள்வோம். கிள்ளானில் 1,000 குழந்தைகளைப் பார்த்தால் 40 பேர் உண்மையில் ஒதுங்கியவர்கள். அவர்களில் 33 பேர் பிடிபடுவார்கள், 7 பேர் தப்பிவிடுவார்கள். மீதி 960 பேரில் 211 பேர் எந்தக் குறையும் இல்லாமலே மாட்டிக்கொள்வார்கள். அதாவது மணி அடிக்கும் ஏழு குழந்தைகளில் ஒன்றுக்குத்தான் உண்மையில் சிக்கல். தூக்கம் கெட்டது, பசி, சளி, போன முறை போட்ட ஊசியின் ஞாபகம் என்று எதுவும் அந்த 211இல் அடங்கும்.

ஆகவேதான் ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு கட்டக்கூடாது. சுமார் இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் அதே நிலை என்றால்தான் ‘நீடித்த’ என்ற சொல்லுக்கு உரிமை. முதல் மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு ஒரு தாயிடம் ‘ஆட்டிசம்’ என்று வாய்விடுகிறவர், தேடாமல் விடுகிறவரைவிட அதிகக் கேடு செய்கிறார் என்பது என் கருத்து. அதே சமயம் இந்த அறிகுறியைச் சின்ன விஷயம் என்று தள்ளவும் முடியாது. பிரான்சில் புவாத்தியே, நான்சி நகரங்களில் நடந்த ஈடன் ஆய்வில், 1,586 குழந்தைகளை ஒரு வயதில் பார்த்துப் பின்தொடர்ந்தார்கள். அப்போது ஒதுங்கியிருந்தவர்களிடம் மூன்று வயதிலும் ஐந்து வயதிலும் நடத்தை, உணர்ச்சிச் சிக்கல்கள் கூடுதலாகக் காணப்பட்டன.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தக் கருவி எந்த வீட்டுக்குள் போகிறது என்று பார்க்க வேண்டும். தோட்ட காலத்தில் விடியுமுன் பால்மரம் வெட்டப் போன தாய், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போனாள். வேட்டியிலும் சேலையிலும் கட்டிய ஏணைகள், ஒன்றிரண்டு வயதான பெண்கள், நிறையப் பிள்ளைகள். அந்தக் கொட்டகையைப் பொற்காலமாக்கும் நினைவுகள் நம் எழுத்தில் உண்டு; எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. ஆனால் அங்கே ஒரு பிள்ளை சோர்ந்து கிடந்தால் அதைப் பார்க்கும் கண்கள் பல இருந்தன. லயத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். தோட்டங்கள் துண்டாகி, விற்கப்பட்டு, குடும்பங்கள் கிள்ளான், ஷா ஆலம், பூச்சோங் அடுக்குமாடிகளுக்கு வந்தபின் அந்தக் கண்கள் கலைந்துவிட்டன.

2023 ஜனவரி முதல் தனியார் துறையில் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. பெரிய முன்னேற்றம். இருந்தாலும் 98ஆம் நாள் என்பது மூன்றாம் மாத ஊசிக்குச் சற்றுப் பின்னால் வருகிறது. அந்த ஊசிக்குத் தூக்கிவந்த தாய் ஐந்தாம் மாத ஊசியின்போது தொழிற்சாலை ஷிப்டில் நிற்பாள். குழந்தை பாட்டியிடமோ, தாஸ்கா எனப்படும் குழந்தைப் பராமரிப்பு மையத்திலோ, கீழ்மாடியில் பிள்ளை பார்க்கும் வீட்டிலோ இருக்கும். 1984ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுபெற்ற தாஸ்காவில் ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் வேண்டும். நான்கு குழந்தைக்குக் குறைவாகப் பார்க்கும் வீடு அந்தச் சட்டத்துக்குள் வருவதே இல்லை. அப்படிப்பட்ட வீடுகளில் அன்பானவர்கள் ஏராளம். தொலைக்காட்சிக்கு எதிரே தொட்டிலைப் போட்டுவிட்டுச் சமைப்பவர்களும் உண்டு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது அந்த வரவேற்பறைகளை எட்டவில்லை.

தாயின் மனநிலையை இதிலிருந்து பிரிக்க முடியாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் கணியம்பாடி வட்டாரத்தில் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளை பெற்ற பெண்களில் 11 விழுக்காட்டினருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கைக்கு உதவியில்லாமை ஆகியவை அந்த மனச்சோர்வோடு சேர்ந்து நின்றன. கிள்ளானின் அடுக்குமாடிக்கும் இந்தப் பட்டியலை அப்படியே தூக்கிக்கொண்டு வரலாம். தாயின் மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ கேள்வித்தாளின் தமிழ் வடிவம் 2005இலேயே சரிபார்க்கப்பட்டு இருக்கிறது. மலாய் வடிவமும் உண்டு. கோப்பன்ஹேகனில் வீடு தேடிப் போகும் செவிலியர்கள் தாய்க்கு எடின்பரோவையும் குழந்தைக்கு ஏடிபிபியையும் சேர்த்தே பயன்படுத்தியிருக்கிறார்கள். பிரசவம் முடிந்த முதல் வாரங்களில் வீடு தேடி மிஸ்ஸி வரும் வழக்கம் நம்மிடமும் இருக்கிறது. ஏடிபிபிக்கு உரிய இரண்டாம் மாதம்வரை அந்த வருகையை நீட்டினால் போதும். ஒன்று மட்டும் கவனம்: ஒதுங்கிய குழந்தையைக் கண்டால் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் உறவினர்களுக்குக் கைவந்த கலை. குழந்தை ஒதுங்கியதால் தாய் சோர்ந்துபோவதும் நடக்கிறது. சிரித்துச் சிரித்துப் பதில் கிடைக்காத எவரும் ஒரு நாள் சிரிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

இந்தக் கருவியின் எல்லையைக் காட்ட பிரிக்பீல்ட்ஸைவிடப் பொருத்தமான இடம் இல்லை. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. வெள்ளைக் கோலோடு நடப்பவர்களும் பார்வையற்றோர் நடத்தும் மசாஜ் நிலையங்களும் அந்த வட்டாரத்தின் அன்றாடம். மிச்சிகனில் செல்மா ஃபிரைபெர்க் பார்வையற்ற சிசுக்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்து 1977இல் நூலாக எழுதினார். அந்தக் குழந்தைகளின் முகத்தில் நாம் தேடும் துள்ளல் குறைவு. தாயின் குரல் கேட்டதும் ஆட்டத்தை நிறுத்தி அசையாமல் காது கொடுப்பார்கள். பார்ப்பவருக்கு அது அக்கறையின்மைபோல் தெரியும். முகத்தை விட்டுக் கைகளைப் பார்க்கத் தொடங்கியபோதுதான் தேடுதலும் ஆசையும் விரல்களில் இருந்தது ஃபிரைபெர்க்குக்குப் புலப்பட்டது. ஏடிபிபியை எழுத்துக்கு எழுத்து பின்பற்றும் ஒருவர் அத்தகைய குழந்தைக்கு முகத்துக்கும் கண்ணுக்கும் அசைவுக்கும் கைநிறைய மதிப்பெண் போட்டுவிடுவார். ஆகவே ஐந்து வந்தால் அடுத்த கேள்வி கண்ணும் காதும் சரியாக இருக்கிறதா என்பதாகத்தான் இருக்க வேண்டும். மூன்றாவதாக ரத்தம்: இரும்புச் சத்துக் குறைந்த சிசுக்கள் தயங்கித் தாயையே ஒட்டிக்கொண்டிருப்பதைக் கோஸ்டாரிக்காவில் பெட்சி லோசாஃப் பதிவு செய்திருக்கிறார். மருந்துக் குப்பியோடு தீரக்கூடிய காரணத்தை விட்டுவிட்டு மனத்தைக் குடைவதில் அர்த்தமில்லை.

நம் கிளினிக்குகளுக்கென்று சில நிபந்தனைகளும் உண்டு. ஊசிக்குப் பின் பார்த்தால் எந்தக் குழந்தையும் தேறாது. பார்வை முதலில், ஊசி கடைசியில். ஏழெட்டு மாதத்துக்குப் பின் அந்நியரைக் கண்டு மிரளுவது இயல்பு என்பதால் ஒன்பதாம் மாதக் குழந்தைக்குப் பழகிக்கொள்ள நேரம் கொடுக்க வேண்டும்; வெள்ளுடையைக் கண்டதும் பாட்டியின் தோளில் முகம் புதைக்கும் பிள்ளை நன்றாகவே இருக்கிறது. வீட்டில் தமிழே கேட்டு வளரும் குழந்தையிடம் மலாயில் கொஞ்சிப் பார்த்துவிட்டுப் பதில் வரவில்லை என்று எழுதக்கூடாது. தூக்கிவந்த பாட்டியைக் கைவீசி, சாய்ந்தாடி விளையாடச் சொல்லிவிட்டு மிஸ்ஸி பக்கத்திலிருந்து பார்க்கலாம். அந்த விளையாட்டுகளில் முகம், குரல், கை, முறை வைத்துப் பதில் சொல்லுதல் எல்லாமே இருக்கின்றன. அத்தோடு, தூக்கிவந்தவர் யார், பகலில் பிள்ளை யாரிடம் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளும் பதிவுப் புத்தகத்தில் ஏற வேண்டும்.

மிஸ்ஸிமாருக்கு ஏற்கெனவே வேலை தலைக்கு மேல், இதில் இன்னொரு தாளா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. எல்லா வருகையிலும் செய்ய வேண்டியதில்லை. ஐந்தாம் மாதம், பன்னிரண்டாம் மாதம் என்று இரண்டே முறை, ஐந்தே அம்சம் போதும். முதலாவது, தாய் வேலைக்குத் திரும்பியபின் வருவது; இரண்டாவது, எம்-சாட்டுக்கு ஆறு மாதம் முன்னால் வருவது. கிள்ளானில் இரண்டு மூன்று கிளினிக்குகளில் பயிற்சி கொடுத்து ஓராண்டு நடத்திப் பார்த்து, எத்தனை பேர் பிடிபட்டார்கள், எத்தனை பேர் இரண்டாம் முறை சரியாக இருந்தார்கள் என்று சுகாதார அமைச்சு வெளியிடட்டும். மறுபரிசோதனைக்கும் காது, கண், ரத்தச் சோதனைக்கும் அனுப்ப இடமில்லாமல் தொடங்கினால், கவலையை மட்டும் விநியோகித்தவர்கள் ஆவோம்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு மாதம் தாண்டிய உங்கள் குழந்தை, வயிறு நிறைந்து விழித்திருக்கும் நேரத்தில், நீங்கள் எவ்வளவு கொஞ்சியும் முகம் பார்க்காமல், குரல் கொடுக்காமல் பல நாள் இருக்கிறது என்றால், அடுத்த ஊசித் தேதிவரை போகாமல் கிளினிக்குக்குத் தூக்கிச் செல்லுங்கள். ‘ஊசிக்கு வரவில்லை மிஸ்ஸி, பிள்ளை எங்களைப் பார்க்க மாட்டேன் என்கிறது’ என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். சரியாகிவிடும் என்று திருப்பி அனுப்பினால், இரண்டு வாரத்தில் இன்னொரு தேதி குறித்துக் கேட்டு வாங்குங்கள்.